சுங்கை சிப்புட்ல முழு வீடு எடுத்து, நாமளே சமைச்சு, சுத்துவட்டாரத்த பாக்கறது எப்படி

குடும்பத்தோட மலேசியாவுல பேராக் பக்கம் ரெண்டு மூணு நாளு போலாம்னு பேச்சு எடுத்தா போதும், ஆளாளுக்கு ஈப்போவுல ஹோட்டல் தேட ஆரம்பிச்சிருவாங்க. ஹோட்டல் வேணாம்னு நான் சொல்லல, ரெண்டே பேரு போறீங்கன்னா அதுதான் லேசு. ஆனா அம்மா அப்பா, அக்கா குடும்பம், பிள்ளைங்கன்னு எட்டு பேரு கெளம்புறப்ப மூணு ரூம் எடுக்கணும், பசியாற வெளிய, மத்தியானம் வெளிய, ராத்திரியும் வெளிய, இனிப்பு நீர் இருக்கற பெரியவங்களுக்கு பாதி சாப்பாடு ஆகாது, சின்னதுங்க ரொட்டி சானாய தவர வேற எதையும் தொடாது, ரெண்டாவது நாளே வயிறும் பர்சும் ஒண்ணா கலங்கிரும். அதுக்கு பதிலா ஒழுங்கான அடுப்படி உள்ள ஒரு முழு வீட்ட சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து டவுன்ல எடுங்க. காலைலயும் ராத்திரியும் வீட்டுச் சமையல், மத்தியானத்துக்கு கட்டுச்சோறு, நடுவுல ஊர் சுத்தறது. எப்படி பண்றதுன்னு சொல்றேன், நான் இந்த ஊருக்காரன்ங்கறதால ஊர்ப்பாசம் கொஞ்சம் எட்டிப் பாக்கும், கண்டுக்காதீங்க.

ஏன் இந்த ஊருன்னா, பழைய ஃபெடரல் ரோட்டு மேலயே இருக்கு. வடக்க போனா அரை மணி நேரத்துல கோலகங்சார், தெக்க போனா செம்மோர் தாண்டி ஈப்போ, அதுவும் அரை மணி முக்கா மணிதான். ரெண்டு பக்கமும் பாக்க வேண்டியது கெடக்கு, நடுவுல நீங்க. கேஎல்ல (கோலாலம்பூர்) இருந்து ஹைவேயில வர்றவங்க ஈப்போ பக்கம் எறங்கி பழைய ரோட்ட புடிக்கலாம், பினாங்குல இருந்து வர்றவங்க கோலகங்சார்ல எறங்கிரலாம். இடிஎஸ்ங்கற மின்சார ரயில் சிலது இங்கயும் நிக்கும், ஆனா இங்க எறங்கி காரு இல்லாம என்னா பண்றது, ராத்திரில கிராப் கெடைக்கறதும் சிரமம். ரயில்லதான் வருவேன்னா ஈப்போவுல எறங்கி அங்கயே காரு வாடகைக்கு எடுத்துட்டு வாங்க.

ஊரப் பத்தி பிள்ளைங்களுக்கு சொல்றதுக்கு ரெண்டு விசயம் தெரிஞ்சி வெச்சுக்குங்க. மந்திரியா இருந்த துன் சம்பந்தன் 1919 ஜூன் 16ல பொறந்தது இங்கதான். வெள்ளக்கார கம்பெனிங்க தோட்டத்த துண்டு துண்டா போட்டு வித்துட்டு கெளம்புனப்ப, தொழிலாளிங்களே காசு சேத்து தோட்டத்த வாங்கணும்னு 1960ல அவரு தேசிய நில நிதி கூட்டுறவு சங்கத்த ஆரம்பிச்சாரு. இன்னொண்ணு, 1948ல இதே ஜூன் 16 அன்னைக்கு எல்பில் தோட்டத்துலயும் பக்கத்து தோட்டத்துலயும் மூணு வெள்ளக்கார தொரைங்கள கம்யூனிஸ்டுங்க சுட்டுக் கொன்னாங்க, அதுக்குப் பின்னாடிதான் நாடு முழுக்க அவசரகாலம் அறிவிச்சாங்க. தாத்தா பாட்டி யாராவது அந்தக் காலத்த பாத்தவங்க கூட வந்தா கார்லயே அவங்கள பேச வைங்க, ரேடியோவ அடைச்சிருங்க.

சரி, வீடு. தேடறது ஏர்பிஎன்பி, புக்கிங், அகோடாவுல தேடலாம், ஆனா இந்த மாதிரி சின்ன டவுன்ல பாதி வீடு ஃபேஸ்புக்லயும் வாட்சாப்லயும்தான் ஓடுது, ஹோம்ஸ்டேன்னு போட்டு தேடுனா வரும். கணக்க தலைக்கு போட்டு பாருங்க, ஒரு ராத்திரிக்கு 300 வெள்ளி (ரிங்கிட்)ன்னு வெச்சாலும் எட்டு பேருக்கு தலைக்கு 37.50 வெள்ளிதான். ஸ்கூல் ஹாலிடே, தீபாவளி, தைப்பூசம் சமயத்துல வெல ஏறும், திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் கொறைச்சு கேட்டா பெரும்பாலும் கொறைப்பாங்க, கேக்கறதுக்கு வெக்கப்படாதீங்க.

ஆனா ஏமாத்து வேல நெறைய நடக்குது. வேற யாரோ வீட்டு போட்டோவ எடுத்துப் போட்டு, வெலைய சகாயமா சொல்லி, 'இன்னொரு குடும்பம் கேக்குது, இன்னைக்கே முழு காசும் கட்டிருங்க'ன்னு அவசரப்படுத்துனா அங்கயே நிறுத்திருங்க. நெஜமான ஓனரு வீடியோ கால்ல வீட்ட சுத்திக் காட்ட மூஞ்ச சுளிக்க மாட்டாரு. பேங்க் கணக்கு நம்பர வாங்கி போலிசோட செமாக் மியூல் வெப்சைட்ல தட்டிப் பாருங்க, அந்தக் கணக்கு மேல புகார் இருக்கான்னு காட்டும். காசு போயிருச்சுன்னு தெரிஞ்சா வீட்ல உக்காந்து பொலம்பாம உடனே மோசடிப் புகார் நம்பர் 997க்கு போன் அடிங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவுக்கு காச தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கு. முன்பணம் கொஞ்சமா கட்டி மிச்சத்த சாவி வாங்கறப்ப குடுக்கறதுதான் எனக்கு தெரிஞ்ச வரைக்கும் நல்ல ஏற்பாடு.

'20 பேரு படுக்கலாம்'னு விளம்பரம் போட்டிருந்தா படுக்கைய எண்ணாதீங்க, கக்கூச எண்ணுங்க. அஞ்சு பேருக்கு ஒரு பாத்ரூம், அதுக்கு மேல போனா காலைல சண்டைதான். பெரியவங்க வர்றாங்கன்னா கீழ் மாடியில ஒரு ரூம் இருக்கணும், உக்கார்ற கக்கூசா இருக்கணும், வாசல்ல எத்தன படின்னு கூட கேளுங்க. காரு ரெண்டு நிறுத்த முடியுமா, மேல தண்ணித் தொட்டி இருக்கா, ரூமுக்கு ஏர்கோன் இருக்கா இல்ல ஹாலுக்கு மட்டுமா, இதெல்லாம் ஒரே மெசேஜ்ல கேட்டு பதில பத்திரமா வெச்சுக்குங்க.

டவுனுக்குள்ள தாமான்ல, அதாவது குடியிருப்புப் பகுதியில எடுக்கறதா, தோட்டத்து ஓரமா தனி வீடா? படத்துல பாத்தா தோட்டத்து ஓரம்தான் ஆசையா இருக்கும். என்னய கேட்டா தாமான் வீடுதான். காலைல மார்க்கெட்டுக்கு அஞ்சு நிமிசம், மருந்துக் கடை, ஆஸ்பத்திரி கிட்ட, கேஸ் தீந்தா லோரிக்காரன் கொண்டு வந்து மாட்டிட்டு போவான். தோட்டத்து ஓரத்துல ராத்திரில லைட்டு இருக்காது, போன் லைனு சில எடத்துல சுத்தமா செத்துரும், செம்பனைக்குள்ள (எண்ணெய்ப் பனை) எலி இருக்கும், எலி இருக்கற எடத்துல நாகமும் இருக்கும். அந்த வீடு எடுக்கறவங்க எடுக்கலாம், சின்னப் பிள்ளைங்க இல்லன்னா.

இப்ப முக்கியமான விசயம், அடுப்படி. வீடு எடுக்கறதே இதுக்காகத்தான், அதனால இதுல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. விளம்பரத்துல கிச்சன்னு போட்டிருக்கும், போய் பாத்தா ஒரு கெட்டலும் மைக்ரோவேவும் மேகி மீ கிண்டறதுக்கு ஒரு சட்டியும் இருக்கும். 'அடுப்ப பத்த வெச்சு சின்ன வீடியோ அனுப்புங்க'ன்னு கேளுங்க. கேஸ் தோங் (சிலிண்டர்) இருக்கா, அதுல கேஸ் இருக்கா, நடுவுல தீந்தா யாரு காசுன்னு கேளுங்க. குவாலி (வாணலி), சோறு ஆக்கற குக்கரு, பெரிய சட்டி, ஐஸ் பெட்டி எல்லாம் என்னா சைஸ்னு போட்டோ கேளுங்க, ரெண்டு பேருக்கு ஆக்கற குக்கர வெச்சுக்கிட்டு எட்டு பேருக்கு மூணு தடவ சோறு வடிக்கற கொடுமை வேணாம்.

வீட்டுக்குள்ள நொழஞ்சதும் பொட்டிய பிரிக்கறதுக்கு முன்ன ஒருத்தரு நேரா அடுப்படிக்கு போகணும். ஜன்னல தெறங்க. தோங் வாய மூக்கு வெச்சு பாருங்க, நாத்தம் அடிக்குதா. பாத்திரம் கழுவற சோப்ப தண்ணியில கரைச்சு ரெகுலேட்டர் மேலயும் ரப்பர் டியூப் ரெண்டு முனையிலயும் தடவுங்க, முட்ட முட்டயா நொரை கெளம்புனா கேஸ் கசியுது, தோங்க மூடிட்டு ஓனர கூப்புடுங்க, நெருப்பு பத்த வைக்காதீங்க, லைட்டு சுவிச்சயும் தட்டாதீங்க. கசிவு இல்லன்னா பத்த வைங்க, நெருப்பு நீலமா நின்னு எரியணும். மஞ்சளா ஆடி ஆடி எரிஞ்சு சட்டிக்கு அடியில கரி புடிச்சா அடுப்போட ஓட்டை அடைச்சிருக்குன்னு அர்த்தம், ஆறுனதும் ஒரு ஊசியால குத்தி தொடச்சா செரியாகும். அப்புறம் சிங்க்ல ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாருங்க, கீழ எறங்குதா நிக்குதான்னு. இவ்வளவுக்கும் அஞ்சு நிமிசம் போதும். கையோட வீடு முழுக்க ஒரு வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பிருங்க, ஒடஞ்ச ஜன்னல், கறை புடிச்ச மெத்தை எல்லாத்தயும் சேத்து, டெபாசிட் திருப்பி வாங்கறப்ப பேச்சு வராது.

சமைக்கறதுல மரியாத ஒண்ணு இருக்கு. முஸ்லிம் வீடுன்னா பன்னி எறச்சியும் சாராயமும் உள்ள வரவே கூடாது, சிலரு அவங்க சட்டி பானைய மத்தவங்க பொழங்கறதயே விரும்ப மாட்டாங்க. முன்னாடியே கேட்டா தன்மையா சொல்லிருவாங்க, நீங்களும் உங்க சட்டிய கொண்டு போயிரலாம். நம்மாளுங்க வீட்ல சாமி ரூம் இருக்கும், சில வீட்ல சைவம் மட்டும்தான்னு சொல்லுவாங்க. எந்த வீடா இருந்தாலும் டுரியான ஏர்கோன் ரூமுக்குள்ள வெச்சு தின்னா டெபாசிட்டுக்கு முழுக்கு போட வேண்டியதுதான். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ரோட்டோரம் பூரா டுரியான் கடையா இருக்கும், ஆச அடங்காது, வாங்கி வாசல்ல உக்காந்து தின்னுட்டு கைய கழுவிட்டு உள்ள போங்க.

வீட்ல இருந்து கொண்டு வர வேண்டியது: உங்களுக்கு பழகுன கறித்தூளு, மஞ்சத்தூளு, கடுகு சீரகம் ஒரு அஞ்சறப் பெட்டியில, ஒரு நல்ல கத்தி, தோசக்கல்லு, சின்ன பிரஷர் குக்கரு. வாடகை வீட்டு கத்தி எங்கயுமே வெட்டாது, ஏன்னு எனக்கு புரிஞ்சதே இல்ல. கொசுவத்தி, லைட்டரு, குப்ப பை, பாத்திரம் கழுவற பஞ்சு, துண்டு. காய்கறி, மீனு, கோழி, தேங்கா இதெல்லாம் தூக்கிட்டு வராதீங்க, இங்க காலை மார்க்கெட்டுல வாங்குங்க, தேங்காய கண்ணு முன்னாடியே மிசின்ல துருவி தருவாங்க. சீசனுக்கு தக்கன பெத்தாய் கொட்டை, பாக்குங்கற பெரணிக் கீரை, மூங்கில் குருத்து எல்லாம் வரும், விக்கற மலாய்க்கார அம்மாகிட்ட எப்படி சமைக்கறதுன்னு கேட்டா அவங்களே பக்குவம் சொல்லி தருவாங்க.

கட்டுச்சோத்துக்கு என் வோட்டு புளிச்சோறுதான். புளிக்காய்ச்சல ஊர்லயே காய்ச்சி, எண்ண மேல மிதக்கற மாதிரி போத்தல்ல எடுத்துட்டு வந்துருங்க. காலைல எழுந்ததும் சோத்த கொழையாம வடிச்சு, பெரிய தாம்பாளத்துல கொட்டி, ஃபேனுக்கு அடியில ஆற விடுங்க, ஒரு கரண்டி நல்லெண்ண ஊத்தி விரலு படாம கரண்டிக் காம்பால பெரட்டி, அப்புறம் காய்ச்சல போட்டு கலக்குங்க. வாழ எலய நெருப்புல வாட்டி பொட்டலம் கட்டி, நெத்திலி சம்பல தனியா ஒரு டப்பாவுல. நாசி லெமாக்கும் தயிர் சோறும் கட்டலாமேன்னு கேப்பாங்க, கட்டாதீங்க, தேங்கா பாலும் தயிரும் கார்ல அந்த சூட்டுல மத்தியானத்துக்குள்ள புளிச்சிரும், புளி தாங்கும். தண்ணி மட்டும் ஆளுக்கு ஒரு பெரிய போத்தல், கொறைக்க வேணாம்.

ராத்திரிக்கு பெருசா எதுவும் போட்டு சமைக்கறவங்கள கொல்லாதீங்க. ஹாலிடேன்னு வந்துட்டு அம்மாவும் அக்காவும் மட்டும் அடுப்படியில நின்னா அது அவங்களுக்கு ஹாலிடே இல்ல. மொத நாளே பேசி முடிவு பண்ணிருங்க, காலைக்கு யாரு, பாத்திரத்துக்கு யாரு, கோழி சுடறது யாருன்னு. ஒரு ராத்திரி ரசம், முட்ட பொரியல், நெத்திலி. ஒரு ராத்திரி வாசல்ல கரி போட்டு கோழி சுடலாம், ஓனரு அனுமதிச்சா. ஒரு ராத்திரி பாசார் மாலாம் (ராத்திரி சந்தை) எங்க போடறாங்கன்னு பக்கத்து வீட்ல கேட்டு அங்கயே முடிச்சிருங்க.

நாள எப்படி பிரிக்கறதுன்னா, இந்தப் பக்கம் மழைய வெச்சுதான் கணக்கு. காலைல வெயிலு, மத்தியானம் புழுக்கம், மூணு நாலு மணிக்கு இடியோட மழ, அதுவும் ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர்ல கேக்கவே வேணாம். அதனால ஏழு மணிக்கு வெளிச்சம் வந்ததும் கெளம்பிருங்க, ரெண்டு மணிக்குள்ள வீட்டுக்கு திரும்பி குளிச்சிட்டு ஒரு தூக்கம். வீடு எடுத்ததோட லாபமே இதுதான், ஹோட்டல்ல இருந்தா காச குடுத்துட்டோமேன்னு நாள் முழுக்க வெளிய அலைவோம். சாயங்காலம் மழ விட்டதும் டவுன்ல ஒரு ஒட்டுக்கடையில தே தாரே (இழுத்து ஆத்துன டீ), வடை. இன்னொரு விதி, ஒரு நாளைக்கு ஒரு திசை. காலைல கோலகங்சார், சாயங்காலம் பத்து காஜான்னு திட்டம் போடறவங்களுக்கு ரோடுதான் ஞாபகம் இருக்கும்.

மொத நாள் காலைல தூரமா போகாதீங்க, தோட்டத்தயே பாருங்க. ரொம்ப பேருக்கு அப்பா அம்மா பொறந்த தோட்டத்த பாக்கணும்னு ஆச இருக்கும், இந்தப் பக்கம் வர்றதுக்கு பாதி காரணமே அதுதான். ஆனா தோட்டம் தனியார் எடம், கேட்டுல ஜாகா (காவக்காரரு) நிப்பாரு, போன்ல வழி சொல்ற வேஸ் காட்டுதேன்னு நேரா உள்ள ஓட்டாதீங்க, வேஸ் குறுக்கு வழின்னு சொல்லி பூட்டுன கேட்டு முன்னாடி கொண்டு போய் நிறுத்தும். ஜாகாகிட்ட எறங்கி விசயத்த சொல்லுங்க, 'எங்க பாட்டி இங்க பால் வெட்டுனவங்க, கோயில பாத்துட்டு போயிருவோம்'னா விட்டாலும் விடுவாரு, ஆபிஸ்ல கேட்டுட்டு வரச் சொன்னாலும் சொல்லுவாரு. திருவிழா நாளுல போனா இந்த சிக்கலே இல்ல, ஊரே வரும்.

உள்ள போனா பழைய லயத்த (தொழிலாளிங்க வரிசை வீடு) எதிர்பாக்காதீங்க, முக்காவாசி எடத்துல இடிச்சாச்சு, ரப்பர போட்ட எடமெல்லாம் செம்பனையாயிருச்சு, வேலைக்கு இப்ப பங்களாதேஷ், இந்தோனேசியா ஆளுங்கதான் அதிகம். கோயிலு மட்டும் நிக்கும். எங்கயாவது ரப்பர் மரம் மிச்சம் இருந்தா பிள்ளைங்கள கூட்டிட்டு போய் வெட்டுன பட்டைய காட்டுங்க, சாய்வா ஒரு கோடு, அது வழியா பால் எறங்கி மங்குல சொட்டுறது. வெயிலு ஏறுனா பால் ஓட்டம் கொறஞ்சிரும், அதுக்காகத்தான் நம்ம பாட்டிமாருங்க இருட்டுலயே தலையில லைட்ட கட்டிக்கிட்டு மரத்துக்கு போனாங்க. செம்பனையில கம்பத்து மேல மரப்பொட்டி மாதிரி ஒண்ணு நிக்கும், அது ஆந்தைக்கு கட்டுன வீடு, எலிய புடிக்கறதுக்கு ஆந்தைய வளக்கறாங்க. நீளக் கம்புல அருவா மாட்டி குலை வெட்டிக்கிட்டு இருந்தா கிட்ட போகாதீங்க, ஒரு குலை 20 கிலோ கூட இருக்கும், மட்டையெல்லாம் முள்ளு. செருப்பு வேணாம், சூ போடுங்க. மருந்து அடிச்சிக்கிட்டு இருந்தாங்கன்னா காத்து வர்ற பக்கமா ஒதுங்கி நில்லுங்க.

வடக்கு நாளுக்கு: கோலகங்சார் போற வழியில காராய் பக்கம் திரும்பி விக்டோரியா பாலத்த பாருங்க, பேராக் ஆத்து மேல 1900ல தெறந்த ரயில் பாலம், செங்கல் தூணு மேல இரும்பு கட்டு, இப்ப அதுல ரயிலு ஓடல, பக்கத்துலயே புதுசு போட்டாச்சு. ஓரமா இருக்கற நடைபாதையில நடக்கலாம், மோட்டாரும் அதே பாதையிலதான் வரும், பிள்ளைங்க கைய புடிச்சுக்குங்க. காலைல ஆத்து மேல பனி நிக்கறப்ப போனா கூட்டமே இருக்காது. அங்கிருந்து கோலகங்சார், உபுடியா மசூதி. ஹபக்னு ஒரு வெள்ளக்காரரு வரைஞ்சது, ஈப்போ ரயில் ஸ்டேசனும் அவரு வேலைதான். கட்டிக்கிட்டு இருக்கறப்ப ரெண்டு யான சண்ட போட்டு இத்தாலியில இருந்து வந்த பளிங்க மிதிச்சு நாசம் பண்ணிருச்சு, ஒரு வழியா 1917ல முடிஞ்சிச்சு. தொழுக நேரத்துலயும் வெள்ளிக்கெழம மத்தியானமும் போகாதீங்க, ஒடம்ப மூடுன துணி போட்டுட்டு போங்க.

அதே ஊருல மாவட்ட ஆபிஸ் பக்கத்துல ஒரு பழைய ரப்பர் மரம் வேலி போட்டு நிக்குது. 1877ல லண்டன் கியூ தோட்டத்துல இருந்து சிங்கப்பூர் வழியா வந்த கன்னுங்கள்ல ஒம்போத இங்க நட்டாங்க, அதுல மிஞ்சுனது இது. வர்றவங்க நெறைய பேரு மசூதிய படம் புடிச்சிட்டு இத பாக்காமயே போயிருவாங்க, எனக்கு அது தாங்காது, நம்ம ஆளுங்க கப்பலேறி இங்க வந்த கதையில பெரும்பாதி இந்த மரத்த சுத்திதான் நடந்துச்சு. முடிச்சிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் சாயோங்ல கறுப்பு மண் கூஜா செய்யறத பாக்கலாம், லாபு சாயோங்னு சொல்லுவாங்க, தண்ணி ஊத்தி வெச்சா ஜில்லுனு இருக்கும். வாங்குனா துண்டுல சுத்தி கார்ல காலுக்கடியில வைங்க, பின்னாடி சாமான் வைக்கற பூட்டுல வெச்சா ஒடையும்.

தெக்கு நாளுக்கு பத்து காஜா பக்கம் கெல்லிஸ் காசல், ஒரு மணி நேரம் ஓட்டணும். கெல்லி ஸ்மித்துங்கற ஸ்காட்லாந்துக்காரன் கட்ட ஆரம்பிச்சு, 1926ல லிஸ்பன்ல செத்துப் போயி, பாதியில நின்ன மாளிகை. மெட்ராஸ்ல இருந்து ஆளுங்கள கொண்டு வந்து கட்டுனான், வெச காய்ச்சல் வந்து வேலைக்காரங்க சாக, அவங்க கேட்டதுக்காக மாரியம்மன் கோயிலு கட்டிக் குடுத்தான். கோயில் பக்கத்துலயே இருக்கு, கூரையில சாமி செலைங்களுக்கு நடுவுல கோட்டு போட்ட ஒரு ஆளு நிக்கறத பிள்ளைங்கள தேடச் சொல்லுங்க. மாளிகைய மட்டும் பாத்துட்டு கோயிலுக்கு போகாம திரும்பறது அர பார்வைதான். திரும்பி வர்றப்ப ஈப்போவுல குனோங் சீரோ கல்லுமலை முருகன் கோயிலுக்கு போலாம், நேரம் இருந்தா தம்பூன்ல லிமாவ் பாலி (பம்பளிமாஸ்) வாங்கலாம்.

இன்னொரு நாளு இருந்தா தைப்பிங், இல்லன்னா லெங்கோங், ரெண்டுல ஒண்ணு. பெரியவங்க இருந்தா தைப்பிங், லேக் கார்டன் மர நெழல்ல நடக்கலாம், 1880ல ஈயச் சுரங்க குழிய ஏரியாக்குனது, மழைக்கு பேர் போன ஊரு அது, கொடைய மறந்தா உங்க பாடு. புக்கிட் லாருட் மலைக்கு ஏறணும்னா மண்ணு சரிஞ்சு ரோடு மூடியிருக்கும் சில சமயம், முன்னாடியே கேட்டுக்குங்க. அங்கிருந்து கோல செப்பத்தாங் போனா கரி சுடற சூளைங்கள பாக்கலாம், வாரக்கணக்குல பொகைய வெச்சே காட்டுக் கட்டைய கரியாக்கறாங்க. லெங்கோங் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு, 2012ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்த பள்ளத்தாக்கு, பத்தாயிரம் வருசத்துக்கு முந்துன பேராக் மனிதனோட எலும்ப அங்க குகையிலதான் தோண்டி எடுத்தாங்க. லாசா ஊர தாண்டி உள்ள பூர்வக்குடி கம்போங்குக்கு (கிராமம்) போகலாமான்னு கேக்கறவங்க இருக்காங்க, ஃபோர்வீல் வேணும், அந்த ஊரு ஆளு யாராவது கூட வரணும், சும்மா வேடிக்க பாக்கறதுக்குன்னா போகாதீங்க.

ஆத்துல குளிக்காம பிள்ளைங்க விடாது. செம்மோர் பக்கம் உலு செப்போர் மாதிரி எடங்களுக்கு காலைலயே போயிருங்க, மத்தியானத்துக்குள்ள ஏறிருங்க. நீங்க நிக்கற எடத்துல வெயிலு அடிச்சாலும் மேல மலையில மழ பேஞ்சா கெபாலா ஆயர், அதாவது திடீர் வெள்ளம், எறங்கும். தெளிவா இருந்த தண்ணி திடீர்னு கலங்குது, எலையும் குச்சியும் அடிச்சிட்டு வருது, சத்தம் மாறுதுன்னா துணி மணிய எடுக்க நிக்காம கரை மேல ஏறிருங்க. கால்ல காயம் இருக்கறவங்க எறங்க வேணாம், எலி மூத்திரத்துல வர்ற காய்ச்சல் ஆத்துத் தண்ணியில பரவும், திரும்புனதுக்கு அப்புறம் ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சலும் கெண்டக்கால் வலியும் வந்தா டாக்டர்கிட்ட ஆத்துல குளிச்சத மறக்காம சொல்லுங்க. அட்ட கடிச்சா இழுக்காதீங்க, நகத்தால ஓரத்த தள்ளி விடுங்க. அவசரம்னா 999.

பழைய ரோட்டுல ராத்திரில பாத்து ஓட்டுங்க, லோரி வரும், மாடு படுத்திருக்கும்.

கெளம்பற அன்னைக்கு பன்னெண்டு மணி செக்கவுட்னா பத்து மணிக்கே அடுப்ப அணைச்சு, தோங்க மூடி, மிச்ச காய்கறிய பக்கத்து வீட்ல குடுத்துருங்க. குப்பைய உள்ள விடாதீங்க, மீன் தல ஒண்ணு கெடந்தா போதும், அடுத்து வர்றவங்க ஓனரோட ஒங்களயும் சேத்து திட்டுவாங்க. மறுபடி ஒரு வீடியோ, சாவிய குடுக்கறப்பயே டெபாசிட்ட எப்ப போடுவீங்கன்னு கேட்டு மெசேஜ்ல பதில் வாங்கிக்குங்க. தெக்க போறவங்க நேரா ஹைவே ஏறாம ஈப்போ புந்தோங்ல நிறுத்தி கச்சாங் பூத்தே வாங்கிட்டு போங்க, முறுக்கு, ஓமப்பொடி, கடலை எல்லாம் நம்ம ஆளுங்க கடைதான், சாப்ட்டு பாக்க தருவாங்க, பிள்ளைங்களுக்கு கார்ல வாய் ஓயாம இருக்கும். ஆனா பொட்டலத்த பின் சீட்டுக்கு குடுத்துறாதீங்க, தஞ்சோங் மாலிம் வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்.